யாரைத் தெரியும்?

சென்ற தை மாதம், சென்னைப் புத்தகச் சந்தை முடிந்த மறு வாரம், போடிநாயக்கனூரிலிருந்து ஓர் இளைஞர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். 2010-ஆம் வருஷக் கடைசியில் நின்றுபோன போடி ரயில், 2023 ஜூனில் அகலப்பாதையில் திரும்பி வந்தது அல்லவா? அந்த ரயிலில் ஏறி, சென்னையில் இறங்கி, நேரே என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். கையில் கால் கிலோ ஏலக்காய்ப் பொட்டலம். தோளில் ஒரு பை. பைக்குள் ஒரு நோட்டுப் புத்தகம். ஏலக்காயைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பச்சை மாறாத, பருமனான காய். புகாரெல்லாம் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றித்தான்.

"புத்தகம் எழுதப் போறேன் சார். எங்க மலையப் பத்தி. கதை இல்ல சார், நெசமா நடந்தது, நடக்கறது" என்றார்.

எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கதை எழுதிப் பிழைக்கிறவன் இப்படிச் சொல்வது வாசகர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் கதைக்காரனுக்குத்தான் தெரியும், கதையில் எவ்வளவு தப்பித்துக்கொள்ளலாம் என்பது. ஏலக்காய் எந்த மாதத்தில் காய்க்கும் என்று தெரியாவிட்டால் கதாநாயகியைக் கொஞ்சம் அழவிட்டு அந்தப் பாராவைக் கடந்துவிடலாம். நடந்ததை எழுதுகிறவனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. நம் மொழியில் அப்படிப்பட்டவர்கள் குறைவு. அதனால், வாரும், உட்காரும் என்று உபசரித்தேன்.

அவர் நோட்டுப் புத்தகத்தை விரித்தார். நாற்பது பெயர்கள். வரிசை எண், பெயர், பதவி, கைபேசி எண், கடைசிப் பத்தியில் 'எப்படி அணுகுவது'. பிரசுரகர்த்தர்கள், பத்திரிகாசிரியர்கள், இலக்கிய விழா நடத்துகிறவர்கள், பரிசுக் குழுவில் இருந்தவர்கள், இருக்கக்கூடியவர்கள். 'எப்படி அணுகுவது' பத்தியில் ஒருவருக்கு நேரே 'முருக பக்தர்' என்று எழுதியிருந்தது. இன்னொருவருக்கு நேரே 'அவர் புத்தகத்தைப் பாராட்டிப் பதிவு போட்டாச்சு'. என் பெயரும் இருந்தது, பதினேழாவது. எனக்கு நேரே என்ன எழுதியிருந்தது என்று பார்ப்பதற்குள் பக்கத்தைப் புரட்டிவிட்டார். ஏலக்காய்ப் பொட்டலத்தின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

எழுத்தாளனாக முன்னுக்கு வர விரும்புகிறவர்களுக்கு யாரோ வகுப்பு நடத்துகிறார்களாம். பணம் கட்டி மூன்று நாள் போய் வந்திருக்கிறார். அங்கே முதல் பாடம்: 'நீ என்ன எழுதுகிறாய் என்பதல்ல முக்கியம்; உனக்கு யாரைத் தெரியும் என்பதே முக்கியம்.' இரண்டாம் பாடம், தெரியாதவர்களைத் தெரிந்துகொள்வது எப்படி என்பது. மூன்றாம் பாடம் எழுதுவதைப் பற்றி இருக்குமோ என்று கேட்டேன். அது புத்தக வெளியீட்டு விழா நடத்துவது எப்படி என்பதாம்.

"அது இருக்கட்டும் தம்பி. உங்கள் ஊரில் ஏலக்காயைத் தரம் பிரிக்கிற பெண்கள் இருக்கிறார்களே, அவர்களில் யாரையாவது உமக்குத் தெரியுமா?" என்றேன்.

"எங்க அத்தையே அதுதான் சார் செய்யிறாங்க. இருபது வருசத்துக்கு மேல."

"அவர்கள் பெயர் இந்த நோட்டில் இருக்கிறதா?"

அவர் சிரித்தார். "அவுங்க என்ன சார் சொல்லப் போறாங்க!"

அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு உண்டான கோபம்தான் இந்தக் கட்டுரை. இளைஞர் மேல் அல்ல. அவர் நல்ல பிள்ளை. அந்தச் சிரிப்பை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மேல்.

போடிக்குப் போயிருக்கிறவர்கள் விடியற்காலையில் அந்த ஊர்க் கடைத்தெருவைப் பார்த்திருப்பார்கள். இருட்டுப் பிரியுமுன் ஜீப்புகள் வந்து நிற்கும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறுவார்கள். ஜீப் செய்தவர்கள் எத்தனை பேருக்கென்று செய்தார்களோ, அதைப்போல் இரண்டு மடங்கு பேர் ஏறிய பிறகு வண்டி புறப்படும். முந்தலைத் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி, போடிமெட்டில் எல்லையைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை என்று கேரளத்துத் தோட்டங்களுக்குப் போய், மாலையில் அதே வழியில் இறங்கி வருவார்கள். ஏலச்செடிக்கு ஒரு குணம். தழை ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். காய்க்கிற சரமோ வேரடியில் தரையோடு தரையாகப் படரும். ஆகவே காய் எடுக்கிறவள் நாள் முழுவதும் குனிந்தே இருக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பறித்துவிடவும் முடியாது. முற்றியதை மட்டும் பார்த்து எடுத்து, ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து மறுபடி அதே செடிக்கு வர வேண்டும். எது முற்றியது என்பதை விரல்தான் சொல்லும்.

பறித்த பச்சைக்காய் ஸ்டோருக்குப் போகும். ஸ்டோர் என்றால் காய் உலர்த்துகிற சூட்டு அறை. ஏறத்தாழ ஒரு பகல் ஒரு இரவு சூட்டில் வேகாமல், கருகாமல், பச்சையும் போகாமல் காய வேண்டும். ஐந்து கிலோ போட்டால் ஒரு கிலோவை ஒட்டிக் கிடைக்கும். பிறகு காம்பு நீக்கி, சல்லடையில் சலித்து, பருமன் பார்த்துப் பிரித்து, ஏலத்துக்கு வரும். தமிழில்தான் இந்த வேடிக்கை: ஏலத்தையே ஏலம் விடுகிறோம். போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்கூடம் இருக்கிறது. இப்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். ஆனாலும், ஒவ்வொரு சரக்குக்கும் மாதிரி தட்டில் வரும். வியாபாரி அதை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், ஒன்றை உரித்துக் கடிப்பார். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது இந்தக் காய்தான்; சில வருஷத்துக்குள் ஆயிரத்துக்கும் கீழே விழுந்ததும் இதே காய்தான். எழுநூறோ ஏழாயிரமோ, கொண்டுவந்தவருக்கு யாரைத் தெரியும் என்று கேட்டு யாரும் விலை வைப்பதில்லை. தட்டில் இருப்பதைப் பார்த்து வைக்கிறார்கள்.

இவ்வளவு விவரத்தையும் நான் எந்தப் பிரசுரகர்த்தரிடமும் கற்கவில்லை. எந்த இலக்கிய விழாவிலும் கேட்கவில்லை. இந்த மலையில் ஒரு விஷயம் யார் வீட்டில் இருக்கிறது என்று முன்கூட்டியே பட்டியல் போட முடியாது. பாம்பாடும்பாறையில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மயிலாடும்பாறையில் மத்திய அரசு வாரியத்தின் ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. ஆனால் இன்று ஏலமலைத் தோட்டங்களை நிரப்பியிருக்கிற 'ஞள்ளானி' என்ற அதிக விளைச்சல் இனம், கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்துச் செடிகளிலிருந்து தேர்ந்து வளர்த்தது. வகுப்பு நடத்துகிறவர்களின் கணக்குப்படி பார்த்தால், 1980-களில் அந்த விவசாயியின் பெயர் எந்த நோட்டிலும் நாற்பதுக்குள் வந்திருக்காது.

'ஐயா, நீர் சொல்வது வாஸ்தவம்தான். ஆனால் பிரசுரகர்த்தர் இல்லாமல் புத்தகம் எப்படி வரும்?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. போடிக்கு அண்டை ஊரான சின்னமனூரைத் தம் பெயரின் முதலெழுத்திலேயே வைத்திருந்த சி. சு. செல்லப்பா, 1959-லிருந்து 1970 வரை 'எழுத்து' பத்திரிகையை நடத்தியவர். புத்தகங்களைப் பையில் போட்டுத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அந்தத் தோள்வலியை நான் புகழ்ந்து எழுதிவிட்டு, 'தம்பி, நீயும் சும' என்று சொன்னால் அது அயோக்கியத்தனம். பிரசுரகர்த்தர் வேண்டும். எழுத்துப் பிழை பார்க்க ஒருவர் வேண்டும். பத்திரிகாசிரியர் வேண்டும். சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடத்தில், 'நீர் கேட்டது இல்லை. ஆனால் இதைப் பாரும்' என்று இன்னொரு கட்டை எடுத்துத் தருகிற நூலகர் ரொம்பவும் வேண்டும். இவர்களுடைய சிநேகத்தை நான் இளப்பமாகப் பேசவில்லை. அது எந்த வாசல் வழியாக வருகிறது என்பதுதான் சண்டை.

மதுரைச் சீமையில், தேனிப் பக்கத்தில், மொய் எழுதுகிற வழக்கத்தை வாசகர்கள் அறிவார்கள். காதுகுத்தோ கல்யாணமோ, பந்தல் வாசலில் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். இன்னார், இன்ன ஊர், இன்ன தொகை. நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். நம் இலக்கிய உலகத்து அணிந்துரைகள் இன்று இந்த மொய்க் கணக்கில்தான் நடக்கின்றன. நான் உம் புத்தகத்துக்கு இரண்டு பக்கம் எழுதினேன். நீர் என் புத்தக வெளியீட்டுக்கு வந்து இருபது நிமிஷம் பேச வேண்டும். சமீபத்தில் ஒரு புத்தகம் வந்தது. நூற்றிருபது பக்கம். அதில் அணிந்துரை, வாழ்த்துரை, மதிப்புரை, பதிப்புரை, என்னுரை எல்லாம் போகப் புத்தகம் தொடங்குவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. நானும் யோக்கியனல்ல. படிக்காமல் அணிந்துரை எழுதியிருக்கிறேன், இரண்டு முறை. இரண்டிலும் 'ஆழ்ந்த சமூக அக்கறை' என்ற சொற்றொடர் இருக்கும். சந்தேகமிருந்தால் தேடிப் பாருங்கள்.

நாவலாசிரியனுக்கு இந்த மொய்யால் நஷ்டம் கொஞ்சம்தான். உண்மையை எழுதுகிறவனுக்கோ இது விஷம். ஏலத்தோட்டத்துக் கூலியைப் பற்றி எழுதப் போகிறவன், தோட்ட முதலாளியின் மைத்துனர் நடத்துகிற இலக்கிய மன்றத்தில் பொன்னாடை வாங்கிக்கொண்டால், கூலி அத்தியாயத்தில் பேனா தானாகவே தடுமாறும். யாரும் மிரட்ட வேண்டியதில்லை.

சரி, தெரிந்தவர் மூலமாகத் தெரியாதவரைப் பார்ப்பதே தவறா? இல்லை. ஒரு பழைய கதையைச் சொல்கிறேன். பலருக்கும் தெரிந்ததுதான், ஆனால் இந்தக் கோணத்தில் யாரும் சொல்வதில்லை. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். பெரிய மனிதர், உத்தியோகஸ்தர். பார்த்து வைப்பது நல்லது என்று திருவாவடுதுறை மடத்திலேயே சொல்லியிருந்தார்கள். அதாவது, இந்த வகுப்புக்காரர்கள் சொல்கிறார்களே, அதே மாதிரிச் சந்திப்பு. ஐயர் தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் வரிசையாகச் சொன்னார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டுவிட்டார். ஐயரிடம் விடை இல்லை. சிபாரிசு தேடிப்போன இடத்தில் கிடைத்தது ஒரு கேள்வி. அதுவும் முகத்தில் அடிக்கிற கேள்வி.

வேறொருவராக இருந்தால், இந்த முன்சீபு நமக்குச் சரிப்பட மாட்டார் என்று பட்டியலில் அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருப்பார். ஐயர் அந்தப் புத்தகத்தோடு மல்லுக்கு நின்றார். நின்றதும் இன்னொன்று தெரிந்தது: அது ஜைன காவியம், அதில் வருகிற சமயச் சொற்களுக்குப் பொருள் சொல்லச் சைவ மடத்தில் ஆளில்லை. எங்கே போனார்? கும்பகோணத்திலேயே இருந்த ஜைனர் வீடுகளுக்குப் போனார். தலைமுறை தலைமுறையாகச் சிந்தாமணியைப் படித்துவந்த குடும்பங்கள் அவை. அதே ஊரில் இருந்தும், கேட்டு வருவாரில்லாமல் இருந்தவர்கள். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. முன்சீபு ஐயரைக் கேள்வி கேட்டு வாட்டினார். ஜைனர்கள் ஐயருக்கு விடை சொன்னார்கள். இரண்டு உறவும் வேண்டியிருந்தது. ஆனால் இரண்டாவதைத் தேடிக்கொண்டு ஐயர் தாமே போய்த் திண்ணையில் உட்கார வேண்டியிருந்தது. போடி இளைஞரின் அத்தை வீட்டுத் திண்ணை அந்த மாதிரித் திண்ணைதான்.

வெள்ளைக்காரர் உதாரணம் வேண்டுமென்றால், 1936-இல் ஜார்ஜ் ஆர்வெல் வட இங்கிலாந்துக்குப் போனாரே, அவரிடமும் அறிமுகங்கள் இருந்தன. லண்டன் இலக்கிய நண்பர் ஒருவர் மான்செஸ்டரில் ஒரு தொழிற்சங்கக்காரரைச் சொன்னார். அவர் வீகனில் ஒரு சுரங்கத்து மின்தொழிலாளியைச் சொன்னார். சிபாரிசு மேலிருந்து கீழே இறங்கிப் போயிற்று, நிலக்கரிச் சுரங்கம் வரைக்கும். நம்மூர்ச் சிபாரிசுக் கடிதம் எப்போதும் மேல்நோக்கியே ஏறுகிறது.

உறவு பழுக்க எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கும் நம் பக்கத்து மலையிலேயே சாட்சி இருக்கிறது. 1940-களில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு டாக்டராகப் போனவர் பி. எச். டேனியல். கூலிகளுக்கு மருந்து கொடுத்தார். அவர்கள் சொன்னதைக் கேட்டார். பழைய நாளில் கங்காணிகள் எப்படி ஆள் பிடித்துக்கொண்டு வந்தார்கள், காய்ச்சலில் எப்படிச் செத்தார்கள் என்பதெல்லாம் நோயாளிகள் வாயாலேயே வந்தன. அது ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்று புத்தகமானது 1969-இல். நாவல் என்றுதான் வெளியிட்டார். ஆனால் அதற்குள் இருப்பது கேட்டறிந்த விஷயம். பிற்பாடு இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். மூன்று நாள் வகுப்பில் இதற்குப் பாடம் கிடையாது.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பார்த்தோம். 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி மலையில் தீப்பிடித்தது. மலையேற வந்திருந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறுநாள் போடியில் பத்திரிகைக்காரர்களும் காமிராக்காரர்களும் நிறைந்துவிட்டார்கள். ஒரு வாரம். பிறகு எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். புல் எப்போது காய்கிறது, காற்று எந்த நேரத்தில் மலையேறுகிறது, எந்தப் பாதையில் போனால் தப்பலாம் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் அந்த மலையில் அதற்கு முன்னும் இருந்தார்கள், பின்னும் இருக்கிறார்கள். தீக்கு முன்னால் அவர்களைத் தெரிந்து வைத்திருந்த எழுத்தாளன் ஒருவன்கூட நம்மில் இல்லை. நானுந்தான்.

இங்கே என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேலே இவ்வளவு உரக்கப் பேசியவன் அதைச் சொல்லாமல் விட்டால் நன்றாயிராது.

முப்பது வருஷத்துக்கு முன்பு, ஒரு வாரப் பத்திரிகைக்காக ஏலமலையைப் பற்றி எழுதப் போனேன். போடிமெட்டைத் தாண்டி ஒரு தோட்டத்தின் ஸ்டோரில் இரண்டு இரவு தங்கினேன். காய் உலர்த்துகிற பெரியவர் ஒருவர் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டே பேசினார். வெளியே மழை, உள்ளே சூடு, ஏலக்காய் வாசனை. அந்த மாதிரி நேரத்தில் மனிதர்கள் பேசிவிடுவார்கள். பச்சைக்காய் எடை போடும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு திருட்டு என்று கணக்குப் போட்டுச் சொன்னார். "எழுதுங்க தம்பி, ஆனா எம்பேரு வேணாம்" என்றார்.

பேரை எழுதவில்லை. ஆனால் எனக்கு எழுத்து வரும் என்ற கர்வம் இருந்ததே! நீல வர்ணம் அடித்த ஸ்டோர்க் கதவை எழுதினேன். வாசலில் இருந்த பலாமரத்தை எழுதினேன். பெரியவருக்கு வலது கைக் கட்டைவிரல் பாதி இல்லை; அதை உருக்கமாக எழுதினேன். கட்டுரை வந்தது. பாராட்டிக் கடிதங்கள் வந்தன. அந்தக் கட்டைவிரலைப் பற்றியே பதினொரு பேர் எழுதியிருந்தார்கள்.

ஆறு வருஷம் கழித்து வேறு காரியமாகப் போடிக்குப் போனபோது அவரைத் தேடினேன். ஊருக்கு வெளியே, கொட்டகுடி ஆற்றுப் பக்கத்தில், மருமகன் வீட்டில் இருந்தார். பத்திரிகை வெளியான அடுத்த வாரமே ஸ்டோர் வேலை போய்விட்டது. வேறு தோட்டத்திலும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. டீ போடச் சொன்னார். "நான் பேரு வேணாம்னுதான் தம்பி சொன்னேன். வெரலையும் வேணாம்னு சொல்லணும்னு எனக்குத் தெரியல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அந்த எழுத்துக்கு எனக்குக் கிடைத்த சன்மானம் எவ்வளவு என்பது நினைவிருக்கிறது. அது இங்கே வேண்டாம்.

ஆகவே, 'உமக்குச் செய்தி தந்தவர்களுக்கு நன்றி சொல்லும்' என்று மேலோட்டமாக உபதேசம் செய்ய நான் வரவில்லை. நன்றி சொல்வது சில சமயம் காட்டிக்கொடுப்பதாகிவிடும். சொல்லாமல் விடுவது சில சமயம் திருட்டாகிவிடும். நா. வானமாமலை 1964-இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பைப் புரட்டிப் பாருங்கள். பாடலுக்குக் கீழே, சேகரித்தவர் இன்னார், இடம் இன்னது என்று அச்சிட்டிருக்கும். அவர்கள் பேர் பெற்ற பேராசிரியர்கள் அல்ல. ஊர் ஊராக நடந்து பாட்டைக் கேட்டு எழுதிய இளைஞர்கள். பெயர் போட வேண்டிய இடத்தில் போடுவது இது. அந்தப் பாட்டுகளைப் பாடிய கிழவிகளின் பெயர்களும் சேர்ந்து வந்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. அது வேறு சண்டை. என் பெரியவர் விஷயம், பெயரோடு விரலையும் கதவையும் பலாமரத்தையும் மறைக்க வேண்டிய இடம். எது எந்த இடம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அவரிடம் படித்துக் காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். போடிக்கு மறுபடி பஸ் ஏற வேண்டுமே என்று சோம்பல்பட்டேன். 'பத்திரிகைக்குத் தேதி நெருங்கிவிட்டது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்திரிகாசிரியரின் நல்லெண்ணம் எனக்குப் பெரிதாக இருந்தது. அவரைத்தான் எனக்குத் 'தெரிந்தவர்' என்று நினைத்திருந்தேன்.

மொய்யைக் கேலி செய்தேன் அல்லவா? கொஞ்சம் திருப்பிக்கொள்கிறேன். மொய் நோட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. ஐம்பது ரூபாய் வைத்த ஏழையின் பெயரும் அதில் இருக்கும். யாரிடம் வாங்கினோம் என்பது மறக்காது. திருப்பிச் செய்யாவிட்டால் ஊர் கேட்கும். உண்மையை எழுதப் புறப்படுகிறவன் அப்படி ஒரு நோட்டு வைத்துக்கொள்ளட்டும். ஜீப் டிரைவர் எந்த வளைவில் எந்த வருஷம் வண்டி கவிழ்ந்தது என்று சொன்னார். ஏலக்கூடத்துக் குமாஸ்தா பழைய விலைப் பட்டியலை எடுத்துக் கொடுத்தார். அத்தை, சல்லடையில் நிற்கிற காய்க்கும் விழுகிற காய்க்கும் கூலியில் என்ன வித்தியாசம் என்று சொன்னாள். இன்னார், இன்ன ஊர், தந்தது இன்னது, திருப்பியது இன்னது. திருப்புவதற்குப் பணம் வேண்டியதில்லை. புத்தகம் வந்ததும் கொண்டுபோய்க் கொடுப்பது; படிக்கத் தெரியாதவர் என்றால் உட்கார்ந்து படித்துக் காட்டுவது; தப்பு என்று சொன்னால் அடுத்த பதிப்பில் திருத்துவது; கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போவது.

பிரசுரகர்த்தரா? அவர் ஏலக்கூடத்து வியாபாரி மாதிரிதான். நான் அறிந்த நல்ல பிரசுரகர்த்தர்கள் எல்லாரும் மாதிரியை மோந்து பார்க்கத் தெரிந்தவர்கள். எவரையும் தெரியாத ஆளின் இருபது பக்கத்தைப் படித்துவிட்டு, இரவு பத்து மணிக்கு எனக்குப் போன் செய்து 'யார் ஐயா இது?' என்று கேட்டவர் உண்டு. மோந்து பார்க்கத் தெரியாத பிரசுரகர்த்தரும் உண்டு. அவரிடம் சிபாரிசோடு போனால் புத்தகம் வரும். அச்சுக்கூலியை நீரே கொடுக்க வேண்டியிருக்கும். மீந்த பிரதிகள் உம் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருக்கும்.

இதையெல்லாம் அந்த இளைஞரிடம் ஒழுங்காகச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். கோபத்தில் பாதிதான் சொன்னேன். அதையும் கடுமையாகச் சொன்னேன். கட்டைவிரல் சமாசாரத்தைச் சொல்லவே இல்லை, தைரியம் வரவில்லை. சிபாரிசுக் கடிதம் தர முடியாது என்றேன். "நீங்க மட்டும் யாரையும் தெரியாமலா சார் மேல வந்தீங்க?" என்று கேட்டார். சரியான கேள்வி. என் முதல் நாவல் வந்தது ஒரு தூரத்து உறவினரின் சிபாரிசில். "இல்லை, தெரிந்துதான் வந்தேன். அதனால்தான் முதல் நாவல் அவ்வளவு மோசம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஏலக்காய்ப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றிற்று. அதற்குள் என் மனைவி டப்பாவில் கொட்டிவிட்டாள்.

சென்ற மாதம் ஒரு தடித்த உறை வந்தது. இருபத்திரண்டு பக்கங்கள். கடிதம் என்று தனியாக ஒன்றும் இல்லை. ஏலக்காய் தரம் பிரிக்கிற கூடத்தில் ஒரு நாள். அத்தை பேசுகிறாள், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் பேசுகிறார்கள். நடை கரடுமுரடு, இரண்டு இடத்தில் வகுப்பில் கற்ற வாசனை அடிக்கிறது. ஆனால் காய் இருக்கிறது. பதினான்காம் பக்கத்தில், அத்தை தன் கல்யாணத்தைப் பற்றியும், அது எப்படி முடிந்தது என்பதைப் பற்றியும் சொல்கிற ஒன்றரைப் பக்கம் வருகிறது. நான் நாற்பது வருஷமாகக் கதை எழுதுகிறேன். அந்த ஒன்றரைப் பக்கம் மாதிரி எனக்கு ஒருமுறைகூட வாய்த்ததில்லை. அதன் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தார்: 'அத்தைக்குப் படித்துக் காட்டினேன். இது வேண்டாம் என்கிறார். எடுக்கத்தான் வேண்டுமா சார்?'

இரண்டு நாள் வைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி மறுபடி படித்தேன். பிறகு, எடுத்துவிடுங்கள் என்று எழுதிப் போட்டேன்.